கட்டணச் சாளரத்திலிருந்து மின்கம்பத்துக்கு ஒரு பாதை

திருப்பதியிலிருந்து திருச்சானூருக்கு வரும் சாலையில், சீனிவாசபுரத்தில், ஆந்திரப் பிரதேசத் தெற்கு மின்பகிர்மான நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது. பத்மாவதித் தாயாரைச் சேவிக்க வருவோரின் பேருந்துகளும் ஆட்டோக்களும் நாள் முழுதும் அதைக் கடந்து செல்கின்றன. துணைமின் நிலையங்களின் தகவல்தொடர்பு நெறிமுறைகளைப் பற்றி ஆய்வு செய்துவரும் நானும் அதே சாலையில்தான் போய்வருகிறேன். அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனத்தில் எழும் ஒரு கேள்வியை இன்று விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. பதிவு நீளமானது. மின்பொறியியல், கணினியியல், சட்டம் ஆகிய துறைகளில் பயிலும் நண்பர்கள் பொறுமையுடன் இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன்.

அண்மையில், நான் குடியிருக்கும் வீட்டு அம்மா மின்கட்டணம் கட்டப் போய், "சர்வர் வேலை செய்யவில்லை" என்ற பதிலோடு திரும்பி வந்தார். வழக்கமான கேலியோடு என்னிடம் கேட்டார்: "ஏம்பா, கரண்டு போனா லைன்மேனைக் கூப்பிடலாம். கம்ப்யூட்டர் போனா யாரைக் கூப்பிடறது?" அன்றைக்கு அது சாதாரணப் பழுதாகவே இருந்திருக்கும். ஆயினும் அவர் கேட்டது என் துறையின் மையக் கேள்வி. எனக்கு உடனே பதில் சொல்ல இயலவில்லை.

2019 ஏப்ரல் இறுதியில், ஆந்திரம், தெலங்கானா ஆகிய இரு மாநிலங்களின் மின்பகிர்மான நிறுவனங்கள் பணயத் தீநிரல் தாக்குதலுக்கு உள்ளாயின. கோப்புகளை மறைக்குறியாக்கம் செய்து பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்கும் வகைத் தீநிரல் அது. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு நிறுவனமும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. இணையதளங்கள் முடங்கின, நுகர்வோரால் இணையவழியில் கட்டணம் செலுத்த இயலவில்லை. மின்வழங்கல் மட்டும் தடைபடவில்லை. நாளிதழ்களில் ஓரிரு நாள் செய்தி வந்தது. பின்னர் இணையதளங்கள் மீண்டன, நாமும் மறந்துவிட்டோம்.

"மின்வழங்கல் தடைபடவில்லை" என்ற அந்த வாக்கியம் அப்போது எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. அதன் காரணத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். கட்டணம் வசூலிக்கும் கணினியிலிருந்து மின்கம்பிக்குச் செல்லும் பாதை எதுவும் அன்று பெரும்பாலும் இருக்கவில்லை. ஒருவர் கட்டணம் செலுத்தத் தவறினால், கணினி ஒரு பட்டியலை அச்சிட்டுத் தரும். அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு லைன்மேன் தெருவுக்குப் போவார், வீட்டுக்காரரிடம் பேசுவார், இரண்டு நாள் தவணை கேட்டால் சில வேளை கொடுப்பார், பிறகே ஃபியூஸைப் பிடுங்குவார். கணினிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு மனிதர் நின்றார். ஊடுருவியவரின் கை கட்டணச் சாளரத்தோடு நின்றுபோனதற்கு அவரும் ஒரு காரணம்.

இன்று அந்த இடைவெளியை நாமே மூடிக்கொண்டிருக்கிறோம். இப்பதிவின் வாதம் இதுதான்: சாளரத்திலிருந்து கம்பத்துக்கு ஒரு நேர்ப்பாதையை அமைக்கும் காலத்தில், சென்ற முறை வந்தவர்கள் எந்தக் கதவு வழியாக, எவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதைப் பொதுவெளியில் ஆராயும் கடமை நமக்கு உண்டு. அக்கடமையை நாம் செய்யவில்லை.

மின்தொகுப்புத் தானியக்கத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துணைமின் நிலையத்தில் பணியில் இருப்பவர் தொலைபேசியில் கட்டளை பெற்று, தம் கையால் பிரேக்கரை இயக்கிய காலம் ஒன்று இருந்தது. உயர் அழுத்தக் கம்பியையே தகவல் ஊடகமாகப் பயன்படுத்தும் கடத்திவழித் தொடர்பு அக்காலத்தின் அரிய கண்டுபிடிப்பு. அடுத்து ஸ்காடா வந்தது: தொலைவில் உள்ள நிலையத்தின் அளவுகளைக் கட்டுப்பாட்டு மையத்தின் திரையில் காணவும், அங்கிருந்தே பிரேக்கரைத் திறந்து மூடவும் அது வழிசெய்தது. 2008-இல் திருத்தியமைக்கப்பட்ட மைய அரசின் மின்பகிர்மானச் சீர்திருத்தத் திட்டம், 4 இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகையும் போதிய மின்பயன்பாடும் கொண்ட நகரங்களுக்கு ஸ்காடாவைக் கொண்டுசென்றது. மின்கோபுர உச்சியில் செல்லும் காப்புக் கம்பிக்குள் ஒளியிழை புகுந்தது. கட்டுப்பாட்டு அறைகளில் செப்புக் கம்பிகளின் கட்டுகள் குறைந்து, ஈத்தர்நெட் பெட்டிகள் இடம்பிடித்தன.

இந்தச் சாதனங்கள் பேசும் மொழிகளை உருவாக்கியவர்கள் பகைவரை நினைத்து அவற்றை உருவாக்கவில்லை. மாட்பஸ் 1979-இல் பிறந்தது. டிஎன்பி3, ஐஇசி 60870-5-101 ஆகியவை 1990-களைச் சேர்ந்தவை. வேலியிட்ட வளாகத்துக்குள், நம்பிக்கைக்குரிய இரு பெட்டிகள், தனிக் கம்பியில் பேசிக்கொள்வதற்காக அவை வடிவமைக்கப்பட்டன. "பிரேக்கரைத் திற" என்ற கட்டளை வந்தால், சொல்வது யார் என்று கேட்கும் பழக்கம் அவற்றின் தொடக்க வடிவங்களுக்கு இல்லை. பின்னாளில் அதே மொழிகளை இணைய நெறிமுறையின் மேல் ஏற்றினோம். பேச்சு பழையதாகவே இருக்க, கேட்பவர் கூட்டம் மட்டும் பெருகிவிட்டது.

பாதுகாப்பைப் பின்னர் சேர்ப்பது எளிதன்று என்பதற்கு என் ஆய்வுப் பகுதியிலிருந்தே ஒரு சான்று தரலாம். ஐஇசி 61850 நியமத்தின்கீழ் இயங்கும் நிலையத்தில் ஒரு ரிலே மற்றொரு ரிலேவுக்கு அனுப்பும் துண்டிப்புச் செய்தி ஏறத்தாழ 3 மில்லிநொடிக்குள் சென்று சேர வேண்டும். அச்செய்திக்கு மின்னெண் கையொப்பம் இடலாம் என்று ஐஇசி 62351 நியமத்தின் முதல் வடிவம் கூறியது. ஆனால் நிலையங்களில் இருக்கும் சிறிய செயலிகளால் அந்தக் கையொப்பத்தை அந்நேரத்துக்குள் கணிக்க இயலவில்லை. கையொப்பத்துக்காகக் காத்திருந்தால் மின்மாற்றி எரிந்துவிடும். காத்திராவிட்டால் பொய்ச் செய்தியும் மெய்ச் செய்தியாக ஏற்கப்படும். சமச்சீர்ச் சாவியைக் கொண்ட இலேசான முறைக்குப் பிற்கால வடிவம் மாறியதற்கு இதுவே காரணம். வங்கிக் கணினியில் இரகசியம் முதலிடம் பெறுகிறது. மின்நிலையத்தில் இயக்கத் தொடர்ச்சியும் நேரமும் முதலிடம் பெறுகின்றன. ஒன்றுக்கு எழுதிய மருந்துச் சீட்டை மற்றொன்றுக்கு அப்படியே கொடுக்க முடியாது.

இனி வீட்டுவாசலுக்கு வருவோம். 2021 ஜூனில் ஒப்புதல் பெற்ற புத்துருவாக்க மின்பகிர்மானத் துறைத் திட்டத்தின் மதிப்பீடு 3,03,758 கோடி ரூபாய். நாடெங்கும் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவது அதன் இலக்குகளுள் ஒன்று. இந்த மீட்டருக்குள் அளக்கும் பகுதியோடு, தொலைவிலிருந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு ரிலேவும் இருக்கிறது. முன்பணம் தீர்ந்தால், கட்டளை மையக் கணினியிலிருந்து செல்பேசி வலையமைப்பு வழியாகவோ வானலைக் கண்ணி வழியாகவோ மீட்டருக்குச் செல்லும், வீடு இருளும். பட்டியலைக் கையில் பிடித்து நடந்துபோன லைன்மேன் இந்தச் சங்கிலியில் இல்லை. பல மாநிலங்களில் மீட்டர்களைப் பொருத்துவதும் பல ஆண்டுகள் இயக்குவதும் ஒப்பந்தம் பெற்ற தனியார் சேவை நிறுவனங்களின் பொறுப்பு. துண்டிக்கும் கட்டளையின் மறைக்குறிச் சாவி யாரிடம், எந்த அறையில், எத்தனை பேர் மேற்பார்வையில் இருக்கிறது என்பது இனி ஒரு குடிமைக் கேள்வியாகிறது.

அச்சத்தை மிகைப்படுத்துவது எனக்கு உடன்பாடன்று. எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். 2024 மே 30 அன்று நாட்டின் உச்ச மின்தேவை 2,50,000 மெகாவாட்டை எட்டியது. ஒரு நகரத்தின் 1 இலட்சம் மீட்டர்கள், மீட்டர் ஒன்றுக்கு 1 கிலோவாட் வீதம், ஒரே நொடியில் துண்டிக்கப்பட்டால் இழப்பு 100 மெகாவாட். அந்நகரத்துக்கு அது பேரிடர்; ஆனால் நாட்டின் மின்தொகுப்பு அதை உணரவும் செய்யாது. 25 கோடியில் நூற்றுக்கு இரண்டு பங்கை, அதாவது 50 இலட்சம் மீட்டர்களை, ஒருவர் கையகப்படுத்தினால் 5,000 மெகாவாட் சுமை ஒரே கணத்தில் மறையும். இந்தியாவின் மிகப்பெரிய அனல்மின் நிலையமான விந்தியாசலின் திறன் 4,760 மெகாவாட். அத்தகைய நிலையம் ஒன்றின் முழு உற்பத்தியும் திடீரெனக் கேட்பாரற்று நிற்பதற்கு ஒப்பானது அது. அதிர்வெண் சட்டென்று உயரும். அடுத்த கணம் அனைத்தையும் ஒருசேர இணைத்தால் எதிர்த்திசையில் அதிர்ச்சி எழும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னகத் தொகுப்பு நாட்டின் ஏனைய தொகுப்புடன் இணைந்தது. அன்றுமுதல் திருச்சானூர்த் தெருவிளக்கும் வடகோடியின் தெருவிளக்கும் ஒரே 50 ஹெர்ட்ஸ் துடிப்பில் எரிகின்றன. ஓரிடத்து அதிர்ச்சி எல்லோருக்கும் பொது.

இந்த எச்சரிக்கை புதிதன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஆண்டர்சனும் ஷைலேந்திர ஃபுலோரியாவும் 2010-ஆம் ஆண்டிலேயே, தொலைத்துண்டிப்பு வசதியின் கட்டுப்பாடு யார் கையில் இருக்கும் என்ற வினாவை முன்வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். நம் நாட்டில் மீட்டர்கள் பெருமளவில் சுவரேறும் முன்னரே அந்த வினா நூலகத்தில் காத்திருந்தது.

இந்நிலையில் நம் ஊரில் நடந்ததிலிருந்து நாம் என்ன கற்றோம்? 2019 நிகழ்வைப் பற்றி ஓர் ஆய்வு மாணவர் எடுத்துப் படித்து, குறிப்பெடுத்து, மறுத்துரைக்கத்தக்க தொழில்நுட்ப அறிக்கை பொதுவெளியில் வைக்கப்படவில்லை. நுழைவாயில் மின்னஞ்சலா, பழைய மென்பொருளா, ஒப்பந்ததாரரின் கடவுச்சொல்லா? காப்புநகல் எவ்வாறு தப்பியது? கட்டுப்பாட்டு வலையமைப்புக்கும் அலுவலக வலையமைப்புக்கும் நடுவே இருந்த சுவர் சோதிக்கப்பட்டதா, அல்லது தற்செயலாகத் தப்பியதா? அடுத்த நகரத்தின் பொறியாளருக்கு இவையே தேவையான விடைகள்.

அதே 2019-இல் தமிழகத்திலும் ஒரு நிகழ்வு நடந்தது. அக்டோபர் 29 அன்று கூடங்குளம் அணுமின் நிலையத்தின் சார்பில் வெளியான அறிக்கை, கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குவதால் அதன்மீது இணையத் தாக்குதல் நடத்த இயலாது என்றது. மறுநாளே, இந்திய அணுமின் கழகம் தன் கணினி அமைப்பில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் அமைப்பு தகவல் தந்ததையும், பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணினி என்பதையும், முக்கிய உள்வலையமைப்பு தனித்தே இருந்ததையும் அது கூறியது. இரு அறிக்கைகளும் கூர்ந்து படித்தால் ஒன்றையொன்று முற்றிலும் மறுக்கவில்லை. ஆனால் கூடங்குளத்தைச் சுற்றி வாழும் மக்களின் மனத்தில் பதிந்தது, முதல் நாள் மறுத்தார்கள், இரண்டாம் நாள் ஒப்புக்கொண்டார்கள் என்பதே. முதல் நாளே முழுமையாகச் சொல்லியிருந்தால் அச்சம் குறைந்திருக்கும்.

மும்பை நிகழ்வு இன்னும் சிக்கலானது. 2020 அக்டோபர் 12 அன்று மும்பைப் பெருநகரில் மின்சாரம் நின்றது. புறநகர் இரயில்கள் நின்றன. 2021 பிப்ரவரி இறுதியில் ரெக்கார்டெட் ஃபியூச்சர் என்ற அமெரிக்க நிறுவனம், சீனத் தொடர்புடையதாகத் தான் கருதும் குழு ஒன்று இந்திய மின்துறை அமைப்புகளைக் குறிவைத்ததாக அறிக்கை வெளியிட்டது. அந்தப் பட்டியலில் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் இருந்தது. இதையடுத்து மகாராட்டிர அரசு, மின்தடையில் இணையச் சதிக்கான அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னது. மைய மின்துறை அமைச்சர், தடை மனிதப் பிழையால் நேர்ந்தது என்றார். இரு அரசுகள், இரு முடிவுகள். எது சரி என்று மூன்றாமவர் ஒருவர் தரவைக் கொண்டு தீர்மானிக்கும் வாய்ப்பு மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. விரும்பியவர் விரும்பியதை நம்பிக்கொள்ளும் நிலை இன்றுவரை நீடிக்கிறது.

நம்மால் வெளிப்படையாக ஆராய முடியாது என்று சொல்வதற்கில்லை. 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களில் வட இந்தியா இருளில் மூழ்கியது. இரண்டாம் நாளில் மட்டும் சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி பாதிக்கப்பட்டது. மைய மின்சார ஆணையத்தின் தலைவர் தலைமையில் அமைந்த குழு அடுத்த மாதமே அறிக்கை அளித்தது. அது பொதுமக்கள் பார்வைக்கும் வந்தது. பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை எப்போது துண்டித்துக்கொண்டது, அதில் உண்மையான பழுது இல்லாதபோதும் மிகைச்சுமையைப் பழுதென ரிலே எவ்வாறு எண்ணியது, எந்தப் பகுதிகள் ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் எடுத்தன என்பன அதில் நேர வரிசைப்படி உள்ளன. உலகெங்கும் மின்பொறியியல் வகுப்புகள் இன்றும் அந்நிகழ்வைப் பாடமாகப் படிக்கின்றன. நாட்டுக்கு அதனால் அவமானம் நேரவில்லை. காப்பு அமைப்புகளின் தணிக்கையும் அகல் பரப்பு அளவீட்டுத் திட்டமும் அதன்பின் வேகம் பெற்றன. மின்கம்பி அறுந்தால் ஆராய்ந்து வெளியிடும் நாம், கணினி உடைந்தால் ஏன் மௌனமாகிறோம்?

சட்டத்தின் போக்கும் மௌனத்தின் பக்கமே சாய்ந்திருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி, இணையப் பாதுகாப்பு நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். நல்ல விதி. ஆனால் 2023 நவம்பரில் செர்ட்-இன் அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஊழல், மனித உரிமை மீறல் குறித்த குற்றச்சாட்டுகள் நீங்கலாக, அதனிடம் குடிமக்கள் தகவல் கோர இயலாது. தகவல் 6 மணி நேரத்தில் மேலே ஏறுகிறது. அது கீழே இறங்குவதற்குக் கால வரம்பும் இல்லை, படிக்கட்டும் இல்லை. மைய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் வெளியிட்ட இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள், தகவல் பாதுகாப்பு அலுவலரை நியமிப்பது, கட்டுப்பாட்டு அமைப்பை இணையத்திலிருந்து பிரிப்பது, தணிக்கை, பயிற்சி ஆகியவற்றை வலியுறுத்துகின்றன. 2023-இன் மின்தொகுப்பு விதித்தொகுப்பிலும் இணையப் பாதுகாப்புக்குத் தனி இயல் உண்டு. இவை வரவேற்கத்தக்கவை. கற்ற பாடத்தைப் பிறரோடு பகிரும் கட்டாயம்தான் இவற்றோடு இன்னும் சேரவில்லை.

எதிர்வாதத்தை நான் அறிவேன். "வெளியிட்டால் பகைவனுக்கு வழிகாட்டியாகும்" என்பர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. திருத்தப்படாத ஓட்டையின் முகவரியை யாரும் வெளியிடச் சொல்லவில்லை. ஆனால் ஊடுருவியவனுக்குத் தான் எப்படி வந்தோம் என்பது தெரியும். அதை அறியாதவர் அடுத்த நகரத்தின் பொறியாளரே. மறைக்குறியியலில் கெர்க்காஃப்ஸ் 1883-இல் சொன்ன நெறி நம் மாணவர் அனைவரும் முதலாண்டில் படிப்பது: அமைப்பின் வடிவம் எதிரிக்குத் தெரிந்திருந்தாலும், சாவி மட்டும் மறைந்திருந்தால் அமைப்பு நிலைக்க வேண்டும். வடிவத்தை மறைப்பதால் மட்டுமே பாதுகாப்பாக இருக்கும் அமைப்பு பாதுகாப்பானதன்று. தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். பணிக்குப் போனதும் மறந்துவிடுகிறோம்.

உக்ரைனின் அனுபவத்தைப் பாருங்கள். 2015 டிசம்பர் 23 அன்று அந்நாட்டின் மூன்று மின்பகிர்மான நிறுவனங்கள் தாக்கப்பட்டன. சுமார் 2,25,000 நுகர்வோர் மின்சாரம் இழந்தனர். பணியில் இருந்தவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் சுட்டி தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்தது. பல மாதங்களுக்கு முன்பு மின்னஞ்சலில் வந்த ஓர் இணைப்புக் கோப்பே நுழைவாயில். தொலை அணுக்கத்துக்கு இரண்டாம் அடையாளச் சோதனை இல்லை. வாடிக்கையாளர் புகார் கூற முடியாதபடி தொலைபேசி மையமும் அழைப்புகளால் நிரப்பப்பட்டது. இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? போர்ச்சூழலில் இருந்த நாடு, வெளிநாட்டு வல்லுநர்களை உள்ளே விட்டது. 2016 மார்ச்சிலேயே விரிவான பகுப்பாய்வு வெளியானது. உலகின் எல்லா மின்நிறுவனங்களும் அதைப் படித்துத் தம் கதவுகளைச் சோதித்துக்கொண்டன. நான் இங்கே அமர்ந்து இதை எழுத முடிவதும் அந்த வெளிப்படைத்தன்மையால்தான். திருச்சானூர்ச் சாலையில் நடந்ததைவிட உக்ரைனில் நடந்ததை நான் அதிகம் அறிவேன் என்பது என் ஆய்வு வாழ்வின் விந்தையான உண்மை.

ஊர் முழுவதும் இருண்ட பின்பும் அங்கே சில மணி நேரத்தில் ஒளி திரும்பியது. பணியாளர்கள் வண்டியேறித் துணைமின் நிலையங்களுக்குப் போய்த் தம் கைகளால் பிரேக்கர்களை மூடினார்கள். கைமுறை இயக்கத்தை அவர்கள் மறக்காமல் இருந்ததே காப்பாற்றியது. தானியக்கத்தைக் காரணம் காட்டிக் களப்பணியாளர் எண்ணிக்கையைக் குறைக்கும் நிறுவனங்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் சுவர்ணமுகி பெருக்கெடுத்து நம் பகுதியைச் சூழ்ந்த நாள்களை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நேரத்தில் எந்தக் கம்பம் எந்த ஃபீடரைச் சேர்ந்தது என்று தெரிந்த மனிதரின் மதிப்பை எந்த மென்பொருளும் ஈடுசெய்யாது.

"வணிக நற்பெயர் கெடும்" என்பது இரண்டாவது எதிர்வாதம். அதற்கும் 2019-லேயே விடை இருக்கிறது. அவ்வாண்டு மார்ச்சில், அலுமினியமும் நீர்மின்சாரமும் உற்பத்தி செய்யும் நார்வே நிறுவனமான நார்ஸ்க் ஹைட்ரோ பணயத் தீநிரலால் முடங்கியது. அந்நிறுவனம் பணயத்தொகை தர மறுத்தது. அன்றே செய்தியாளரைச் சந்தித்து நிலைமையைச் சொன்னது. தொடர்ந்து விவரங்களை வெளியிட்டது. இன்று அதன் பெயர் மேலாண்மை வகுப்புகளில் நல்ல முன்மாதிரியாகவே சொல்லப்படுகிறது.

கல்விப்புலத்தில் உள்ள நம் பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மின்பொறியியல் மாணவர் ரிலேவைப் படிக்கிறார். அதில் ஓடும் இயங்குதளத்தைப் பற்றிக் கேட்டால் "அது அடுத்த துறை" என்கிறார். கணினியியல் மாணவர் மறைக்குறியியலைப் படிக்கிறார். பிரேக்கர் என்பது என்னவென்று நேரில் கண்டதில்லை. இரு துறைகளும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில், நூறடி தொலைவில் இருக்கின்றன. பழைய பல்கலைக்கழகங்களும் புதிய தேசியக் கல்வி நிறுவனங்களும் மின்பகிர்மானத் தலைமையகமும் ஒரே ஊரில் அமைந்த இடங்கள் நாட்டில் அதிகமில்லை; திருப்பதி அவற்றுள் ஒன்று. இங்கே இரு துறைகளுக்கும் பொதுவான ஒரு சோதனைக்கூடம் அமைந்து, உண்மையான ரிலேக்களும் மீட்டர்களும் அதில் தாக்கப்பட்டும் காக்கப்பட்டும் ஆராயப்பட்டால், அதன் பயன் இரு மாநிலங்களுக்கும் எட்டும். நம் ஆய்வேடுகள் பெரும்பாலும் வெளிநாட்டவர் தொகுத்த மாதிரித் தரவுகளின்மேல் எழுதப்படுகின்றன. நம் ஃபீடர்களின் இயல்பு அவற்றில் இல்லை.

நான் முன்வைக்கும் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, நுகர்வோர் சேவையை நிறுத்திய எந்த இணையப் பாதுகாப்பு நிகழ்வைப் பற்றியும், ஓட்டைகள் அடைக்கப்பட்ட பின், ஆறு மாதங்களுக்குள் திருத்திய பொது அறிக்கை ஒன்றை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வெளியிடச் செய்ய வேண்டும். முகவரிகளும் சாவிகளும் பெயர்களும் நீக்கப்படலாம்; காரணங்களும் கால வரிசையும் நீக்கப்படக் கூடாது. 2012 அறிக்கை இதற்கு முன்மாதிரி.

இரண்டாவது, மின்தடைகளின் எண்ணிக்கையையும் கால அளவையும் நிறுவனங்கள் ஏற்கெனவே கணக்கிட்டு அறிவிக்கின்றன. அதே அட்டவணையில், கணினிக் கோளாறாலோ தாக்குதலாலோ கட்டணச் சேவையும் முன்பண நிரப்பலும் நின்ற நேரத்துக்கு ஒரு பத்தி சேர்க்கப்பட வேண்டும். முன்கட்டண மீட்டர் உள்ள வீட்டில் பணம் செலுத்த இயலாத நிலை மின்தடைக்கு நிகரானது. சேவை முடங்கிய நாள்களில் எந்த வீட்டையும் துண்டிக்கலாகாது என்ற விதியும் வேண்டும்.

மூன்றாவது, தொலைத்துண்டிப்புக்கு ஒரு வேகத்தடை வேண்டும். ஒரு மணி நேரத்தில் இத்தனை மீட்டர்களுக்கு மேல் துண்டிக்கும் கட்டளை செல்லுமானால், மையக் கணினியைச் சாராத தனிக் கருவி ஒன்று அதை நிறுத்தி, வேறொரு பொறுப்பாளரின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். முன்பு லைன்மேன் செய்த வேலையைத்தான் இது செய்யும்: கேள்வி கேட்கும், சற்றுத் தாமதப்படுத்தும்.

நான்காவது, அடையாளம் நீக்கப்பட்ட பதிவேடுகள் ஒப்பந்த அடிப்படையில் பல்கலைக்கழகங்களுக்குத் தரப்பட வேண்டும். கண்டறியும் குறைகளை முதலில் நிறுவனத்துக்கே தெரிவிப்போம் என்ற உறுதியை ஆய்வாளர் எழுத்தில் தர வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. 3 இலட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தின் ஓரத்தில் எழுதக்கூடிய சில வரிகள்தாம்.

கார்த்திகை பிரம்மோற்சவத்தின் நிறைவு நாளில், பஞ்சமி தீர்த்தத்துக்கு, இச்சிற்றூரின் தெருக்கள் மனிதக் கடலாகின்றன. பத்மசரோவரத்தைச் சுற்றி நிற்கும் பெருங்கூட்டத்தில் விளக்கும் ஒலிபெருக்கியும் ஒருசேர நின்றால் என்ன நேரும் என்பதைக் கற்பனை செய்ய விரும்பவில்லை. அந்நாளில் பணியாளர்கள் கம்பங்களின் அடியில் காவல் நிற்பதைக் கண்டிருக்கிறேன். கம்பத்தைக் காக்க ஆள் நிறுத்துகிறோம். கம்பத்துக்குக் கட்டளையிடும் கணினியைச் சென்ற முறை யார், எப்படித் திறந்தார்கள் என்பதைப் பேசுவதில்லை.

வீட்டு அம்மாவின் கேள்விக்கு என் பதில் இப்போது இதுதான்: கம்ப்யூட்டர் போனால் கூப்பிடத்தக்க ஆள்களை இனிமேல்தான் உருவாக்க வேண்டும். நடந்ததைப் படிக்கக் கொடுத்தால் நம் மாணவர்களே அந்த ஆள்கள் ஆவார்கள்.

மின்நிறுவனங்களில் பணியாற்றும் நண்பர்கள் இதில் தவறு காணின் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். வெளியீட்டுக்குக் கால வரம்பு எவ்வளவு இருக்கலாம் என்பதிலும், எவற்றை மறைக்கலாம் என்பதிலும் மாற்றுக் கருத்துகளை எதிர்நோக்குகிறேன். சட்டத்துறை மாணவர்கள் இரண்டாம் அட்டவணை குறித்து எழுத முன்வந்தால் பெரிதும் மகிழ்வேன்.